உலக வங்கிக் கடனுக்கு யார் கணக்குக் கேட்பது?

மழைக்குருவி:
"தொண்டு நிறுவனங்களுக்குத் திட்டத்தை முடக்கத்தான் தெரியும்" என்று வேறொரு இழையில் பேரேடு எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் அடியில் போய்விடும், அதான் தனி இழை. உலக வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பேனல், அதாவது வங்கித் திட்டங்களால் பாதிக்கப்பட்டவர்கள் புகார் கொடுக்கும் அமைப்பு, யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு 1985-ல் 45 கோடி டாலர் கடன். ஊர் மூழ்கப்போகிறவர்கள் போராடிய பிறகு வங்கியே அமைத்த மோர்ஸ் குழு, மறுகுடியேற்றத்தில் கோளாறு என்று 1992-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு பேனல் வந்தது.

பேரேடு:
நர்மதையையே பேசுவோமே. 1993 மார்ச்சில் "மிச்சக் கடன் வேண்டாம்" என்று இந்தியா சொல்லிவிட்டது. அணை வேலை நின்றதா? 2017-ல் திறப்பு விழாவே நடந்தது. வங்கி இருந்தவரை அதன் நிபந்தனைகளைக் காட்டி மறுகுடியேற்றத்துக்கு வாதாட முடிந்தது. வங்கியை விலகவைத்த உங்கள் வெற்றி அந்தப் பிடியையும் விட்டுவிட்டது. கேள்வி கேட்காமல் கடன் கொடுப்பவன் எப்போதும் ஒருத்தன் இருப்பான் சார்.

புதுசு_2:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பேனலில் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாமா?

மழைக்குருவி:
திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், எந்த மொழியிலும் எழுதலாம். ஆனால் விசாரிக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது வங்கியின் இயக்குநர் குழு. தப்பு என்று பேனல் எழுதினாலும் இழப்பீடு கொடு என்று உத்தரவு போட அதற்கு அதிகாரமில்லை.

பேரேடு, முந்த்ராவுக்கு என்ன சொல்கிறீர்கள்? குஜராத்தில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஐ.எஃப்.சி 2008-ல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீனவர்களின் முறையீடு என்ன தெரியுமா? நிலையத்திலிருந்து சூடான நீர் கடலுக்குப் போகிறது, கரையோரம் மீன் குறைந்துவிட்டது, காயப்போட்ட கருவாட்டில் நிலக்கரித் தூசி படிகிறது. 2011-ல் புகார். ஐ.எஃப்.சி-யின் குறைதீர்ப்பு அமைப்பான சி.ஏ.ஓ. 2013-ல் ஐ.எஃப்.சி மேற்பார்வையில் குறை இருப்பதாக எழுதியது. நிர்வாகம் பலவற்றை ஏற்கவில்லை. நீங்கள் தணிக்கைக்காரர்தானே, தணிக்கை அறிக்கையை இப்படி ஓரங்கட்டினால் சும்மா விடுவீர்களா?

பேரேடு:
விடமாட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் தேர்ந்தெடுத்த அரசு வாங்கும் கடனுக்கு வாஷிங்டனில் மனுப் போடுவது எனக்கு உறுத்துகிறது. சட்டமன்றம், நீதிமன்றம் எல்லாம் எதற்கு?

மழைக்குருவி:
முந்த்ராவில் கடன் வாங்கியது அரசல்ல, தனியார் கம்பெனி. எந்தச் சட்டமன்றத்தில் கேட்பது? மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஐ.எஃப்.சி போன்ற சர்வதேச அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்குரிமை இல்லை என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 என்று தீர்ப்பளித்தது. இங்கே எல்லோரும் கொண்டாடினோம். அப்புறம் கீழ்நீதிமன்றங்கள், வழக்குக்கு அடிப்படையான செயல் அமெரிக்காவில் நடக்கவில்லை என்று தள்ளிவிட்டன. கொண்டாடிய பதிவுகளை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பேரேடு:
ஆக, வங்கி விலகினாலும் பலனில்லை, இருந்தாலும் பலனில்லை. இதைத்தான் நானும் சொல்கிறேன்.

மழைக்குருவி:
இல்லை. விலகு என்பதை மட்டும் கேட்டது எங்கள் தரப்பின் பிழை, அதில் நீங்கள் சொன்னது சரி. 2015-ல் உகாண்டா சாலைத் திட்டத்தை வங்கி ரத்து செய்தது, சாலைப் பணியாளர்கள் சிறுமிகளிடம் செய்த பாலியல் குற்றங்கள் வெளிவந்த பிறகு. ரத்தானால் கடன் நிற்கும், அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்? கடன் கொடுக்கும்போதே ஒரு பங்கை நிவாரணத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் கோரிக்கை.

பேரேடு:
அந்தப் பங்கை வட்டியில் ஏற்றிக் கடன் வாங்கியவன் தலையிலேயே கட்டுவார்கள்.

புதுசு_2:
வங்கியின் லாபத்திலிருந்து எடுக்கக் கூடாதா?

பேரேடு:
தம்பி, அதற்குப் பங்குதார நாடுகள் ஓட்டுப் போடணும். அமெரிக்கா ஒன்றின் கையிலேயே ஏறக்குறைய 16 சதவீத ஓட்டு. நீங்கள் இருவரும் முதலில் அங்கே போய்ப் பேசிவிட்டு வாருங்கள், இந்த இழை எங்கும் போகாது.