மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ: எச்டிஎம்ஐ ஒலி, பேனல் இரண்டும் லாகின் செய்தால் பழைய நிலைக்கே போய்விடுகின்றன

கேள்வி

வணக்கம். லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் மின்ட் 21-ஐ எடுத்துவிட்டு 22-ஐப் புதிதாக நிறுவினேன். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. பழைய செட்டிங்குகள் அப்படியே வேண்டும் என்பதால், ஹோமில் (என் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) புதிதாக உருவாகியிருந்த மறைவான கான்ஃபிக், லோக்கல் ஃபோல்டர்களை நீக்கிவிட்டு, பேக்கப்பில் இருந்தவற்றை டெர்மினல் வழியாக நகலெடுத்துப் போட்டேன்.

இப்போது லாகின் செய்தால் ஒலி லேப்டாப் ஸ்பீக்கரில்தான் வருகிறது. எனக்கு எச்டிஎம்ஐயில் இணைத்திருக்கும் மானிட்டரில் வர வேண்டும். பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலைத் திறந்து, கான்ஃபிகரேஷன் டேபில் டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ என்பதைத் தேர்ந்தெடுத்தால் உடனே மானிட்டரில் கேட்கிறது. லாக்அவுட் செய்து திரும்பி வந்தால் மறுபடியும் லேப்டாப்தான்.

மெனுவெல்லாம் இருக்கும் பட்டையான பேனலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மேலே நகர்த்தி வைத்தால் அடுத்த லாகினில் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதோடு, மானிட்டர் இல்லாமல் லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒவ்வொரு அறிவிப்பு ஒலிக்கும் முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். சவுண்ட் கார்டு டிரைவரில் கோளாறா? டெஸ்க்டாப்பை முழுக்க மாற்றிவிடலாமா?

பதில் 1

உங்கள் பயனரை ஆடியோ குழுவில் சேர்த்து ரீபூட் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் பல்ஸ்ஆடியோவை மறுபடி நிறுவுங்கள். ஒலிப் பிரச்சினைகளுக்குப் பெரும்பாலும் இது போதும்.

பதில் 2

நண்பரே, மேலே சொன்ன இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஆடியோ குழு பழைய காலத்து வழி. இப்போது லாகின் செய்தவருக்கு ஒலிச் சாதனத்தைத் திறக்கும் அனுமதியை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியே கொடுத்துவிடுகிறது. மின்ட் 22-இல் ஒலியைக் கவனிப்பதும் பல்ஸ்ஆடியோ இல்லை, பைப்வயர். நீங்கள் திறக்கும் வால்யூம் கண்ட்ரோல் பெயரளவில்தான் பல்ஸ்ஆடியோ. அது பேசுவது பைப்வயரிடம். இதன்மேல் பழையதையும் கொண்டுவந்து நிறுவினால் இரண்டும் மோதும்.

உங்கள் விவரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்ததும் ஒலி வருகிறது. அப்படியென்றால் கார்டு, டிரைவர், கேபிள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வேலை நடக்கிறது, நினைவில்தான் நிற்பதில்லை. பேனலுக்கும் அதே கதை. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

முதலில் சோதனைக்கு ஒரு புதிய பயனரை உருவாக்கி அதில் லாகின் செய்யுங்கள். அங்கே பேனலும் எச்டிஎம்ஐயும் நினைவில் நிற்கின்றனவா? அப்புறம் உங்கள் கணக்கில் ஒரு வேண்டாத கோப்பை அழித்துப் பாருங்கள், குப்பைத்தொட்டிக்குப் போகிறதா? கடைசியாக, நகலெடுத்தபோது சூடோ (கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது) போட்டீர்களா?

கேட்டவர்

புதிய பயனரில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பேனல் வைத்த இடத்தில் நிற்கிறது, ஒலியும் நேரே மானிட்டருக்குப் போகிறது. என் கணக்கில் கோப்பை அழித்தால் குப்பைத்தொட்டிக்கு அனுப்ப முடியவில்லை என்கிறது. இதை நான் தனிப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஆமாம், பேக்கப்பைப் படிக்க அனுமதி இல்லை என்று வந்ததால் சூடோவோடுதான் நகலெடுத்தேன்.

பதில் 2

அப்படியானால் விஷயம் தெளிவு. சூடோவோடு வெறுமனே நகலெடுத்தால் புதிதாக உருவாகும் கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிடும். உங்கள் கணக்கால் அவற்றைப் படிக்க முடியும், எழுத முடியாது. அதனால்தான் பழைய பேனல் அமைப்பு சரியாக வருகிறது. நீங்கள் செய்யும் மாற்றம் மட்டும் சேமிக்கப்படாமல் போகிறது.

ஒலிக்கு வருவோம். கான்ஃபிகரேஷன் டேபில் எந்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை பைப்வயரோடு ஓடும் வயர்பிளம்பர் என்ற நிரல் ஹோமில் உள்ள லோக்கல் ஃபோல்டருக்குள், ஸ்டேட் என்ற ஃபோல்டரில் எழுதி வைக்கும். எழுத இடம் இல்லாததால் ஒவ்வொரு லாகினிலும் அது தானே முடிவெடுக்கிறது. தானே முடிவெடுத்தால் எச்டிஎம்ஐயைவிட அனலாக் ஸ்பீக்கருக்குத்தான் முன்னுரிமை.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஹோமில் மறைந்துள்ள கோப்புகளையும் சேர்த்து நீளப் பட்டியல் எடுங்கள். மூன்றாவது, நான்காவது நெடுவரிசைகளில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருக்கும்.

சரிசெய்ய: லாக்அவுட் செய்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத்திரையில் உங்கள் பெயரிலேயே லாகின் செய்து, சூடோவுடன் உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றும் சவுன் கட்டளையை, உள்ளே இருப்பதையும் சேர்த்து மாற்றும் பெரிய ஆர் விருப்பத்தோடு, உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள். பாதையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வெறும் சாய்கோட்டோடு எண்டர் தட்டினால் கணினியில் உள்ள எல்லாவற்றின் உரிமையும் மாறி, திரும்ப நிறுவ வேண்டி வரும். முடிந்ததும் ரீபூட். டெஸ்க்டாப்பை மாற்றத் தேவையில்லை. எதை நிறுவினாலும் அதுவும் இதே ஃபோல்டரில்தான் எழுத முயலும்.

கேட்டவர்

அருமை! பட்டியலில் கான்ஃபிக், லோக்கல் இரண்டுமே ரூட் பெயரில் இருந்தன. மாற்றிவிட்டு ரீபூட் செய்தேன். பேனல் மேலேயே நிற்கிறது, ஒலியும் முதலிலேயே மானிட்டரில் வருகிறது. நீங்கள் சொன்ன ஸ்டேட் ஃபோல்டருக்குள் இப்போது வயர்பிளம்பர் என்ற ஃபோல்டரும், அதில் டிஃபால்ட்-புரொஃபைல் என்ற சின்ன உரைக்கோப்பும் வந்திருக்கின்றன. குப்பைத்தொட்டியும் வேலை செய்கிறது. மிக்க நன்றி. 'டப்' சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் 3

அந்தச் சத்தத்துக்கும் கோப்பு உரிமைக்கும் தொடர்பில்லை. அது மின்சேமிப்பால் வருவது. ஒலி நின்று 5 விநாடி ஆனதும் பைப்வயர் சாதனத்தை விட்டுவிடும். அதற்கப்புறம் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் டிரைவர் சிப்பை உறங்க வைக்கும். அடுத்த ஒலிக்காக சிப் விழிக்கும்போதுதான் ஸ்பீக்கரில் 'டப்' கேட்கிறது.

சிஸ் ஃபோல்டருக்குள் இந்த டிரைவரின் பாராமீட்டர்களில் பவர்-சேவ் என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். அதில் உள்ள எண், எத்தனை விநாடி சும்மா இருந்தால் உறங்கலாம் என்பது. 0 என்றால் உறங்கவே கூடாது. தற்காலிகமாக 0 எழுதிச் சோதியுங்கள். சத்தம் நின்றால், ஈடிசி-யில் உள்ள மோட்புரோப்-டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் கோப்பு உருவாக்கி இந்த டிரைவருக்கு பவர்-சேவ் 0 என்று விருப்பம் கொடுத்தால் நிரந்தரம். டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலை நிறுவியிருந்தால் அது இந்த எண்ணை மறுபடி மாற்றிவிடும், அங்கேயும் 0 வையுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். என்னைக் கேட்டால் அந்தச் சத்தத்தைச் சகிப்பதைவிட அது மேல்.

கேட்டவர்

கோப்பில் 1 என்று இருந்தது. 0 ஆக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. கான்ஃப் கோப்பும் வைத்துவிட்டேன். டிஎல்பி என்னிடம் இல்லை. முதல் பதிலைப் பார்த்ததும் ஆடியோ குழுவில் சேர்ந்திருந்தேன், அதை இப்போது எடுத்துவிடலாமா?

பதில் 2

தாராளமாக எடுத்துவிடுங்கள். அந்தக் குழுவில் இருந்தால், அதே லேப்டாப்பில் வேறொருவர் லாகின் செய்திருக்கும்போதும் உங்கள் கணக்கில் ஓடும் நிரல்கள் சவுண்ட் கார்டைப் பிடித்துவைக்க முடியும். எடுத்தபின் ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். சோதனைக்கு உருவாக்கிய பயனரையும் அதன் ஹோமோடு சேர்த்து நீக்கிவிடலாம்.