பொருள்: பக்கிள் முறிவுக்குத் தமிழ்ச்சொல் – ‘புடைமுறிவு’?

அன்புள்ள குழுவினருக்கு,

பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கான மாவுக்கட்டுக் கையேட்டின் வரைவில் கிரீன்ஸ்டிக், பக்கிள் என்ற இருவகை எலும்பு முறிவுக்குமே ‘பசுங்கொம்பு முறிவு’ என்று இருக்கிறது. இதை இப்படியே அச்சுக்கு விடக் கூடாது. இரண்டும் குழந்தைகளின் எலும்பில் வருபவை. இரண்டிலும் எலும்பு முழுதாகத் துண்டாவதில்லை. ஒற்றுமை அதோடு சரி.

கிரீன்ஸ்டிக்கில் வளைவின் வெளிப்புறப் புறணி (எலும்பின் கெட்டியான மேலோடு) இழுபட்டுப் பிளக்கும். உட்புறம் வளைந்தபடி நிற்கும். பசுங்கொம்பு அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. பக்கிளில் நடப்பது நசுக்கல். கையை ஊன்றி விழும்போது ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) மணிக்கட்டுக்குச் சற்று மேலே நெடுக்குவாக்கில் அழுந்தி, புறணி பிளக்காமல் வெளியே புடைக்கிறது. எக்ஸ்ரேயில் சிறு மேடுதான் தெரியும். பக்கவாட்டுப் படம் எடுக்காவிட்டால் அதுவும் கண்ணுக்குத் தப்பலாம்.

ஆகவே ‘புடைமுறிவு’ என்று முன்மொழிகிறேன்.

---

> ஆகவே ‘புடைமுறிவு’ என்று முன்மொழிகிறேன்.

ஐயா, வணக்கம். பெற்றோர் இதைத் தோலின் மேல் தெரியும் வீக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். வீக்கம் எல்லா முறிவிலும் உண்டே.

பக்கிள் முறிவுக்கு டோரஸ் என்றும் பெயருண்டு. தூணின் அடியில் உருண்டு திரளும் வளையத்துக்கான லத்தீன் சொல் அது. நம் கோயில் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) அந்த வடிவத்துக்குக் குமுதம் என்று பெயர். ‘குமுத முறிவு’ எனலாமா?

---

> ‘குமுத முறிவு’ எனலாமா?

சிற்பம் அறிந்தவருக்கு அருமையான சொல், அம்மா. ஆனால் மற்றவர்களுக்கு வார இதழ்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, பல குழந்தைகளுக்கு ஒரு பக்கப் புறணி மட்டுமே புடைக்கிறது. சுற்றிலும் வளையம் இருப்பதில்லை.

வீக்கம் பற்றிய தடை நியாயமானது. ‘எலும்புப் புடைமுறிவு’ என்று விரித்தால் புடைத்தது எது என்ற ஐயம் எழாது.

பெயரைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் சிகிச்சை. புடைமுறிவுக்குக் கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட் சுமார் 3 வாரம் போதும். வீட்டிலேயே கழற்றிவிடலாம், பெரும்பாலும் மறு எக்ஸ்ரே தேவைப்படாது. பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையிலான 965 குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், மென்மையான பேண்டேஜ் கொடுத்த குழுவுக்கும் விறைப்பான கட்டுப் போட்ட குழுவுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு தென்படவில்லை.

பசுங்கொம்பு முறிவு அப்படியல்ல. மாவுக்கட்டுக்குள்ளேயே மறுபடி வளையக்கூடும்; அதனால்தான் முதல் வாரத்தில் மறு எக்ஸ்ரே. கட்டு பொதுவாக 6 வாரம் வரை இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால், 3 வாரத்தில் கழற்றலாம் என்ற வரியைப் படித்துவிட்டு பசுங்கொம்பு முறிவின் மாவுக்கட்டையும் பிரித்துவிடுவார்கள். கை கோணலாகவே கூடிவிடும், அல்லது அதே இடத்தில் மீண்டும் முறியும்.

வரைவில் சொல்லுக்குக் கீழே இந்த வரியைச் சேர்க்கக் கோருகிறேன்: “ஒரு பக்கப் புறணி பிளந்திருந்தாலும் அது எலும்புப் புடைமுறிவு அல்ல, மருத்துவர் சொல்லாமல் கட்டைப் பிரிக்காதீர்கள்.”