லைசென்ஸ் எடுத்த கதை: வெளிநாட்டுல இருக்கறவங்க மறக்க முடியாத ஒரு டெஸ்ட்டைச் சொல்லுங்க

மதுரைக்காரன்_துபாய்:
யார்ட் டெஸ்ட்ல (ஸ்கூல் மைதானத்துக்குள்ள நடக்கறது) பேரலல் பார்க்கிங், ஹில், கராஜ் பார்க்கிங் எல்லாம் எல்லாரும் பார்த்ததுதான், அதை விடுங்க, நேரா ரோடு டெஸ்ட்டுக்கு வர்றேன். எக்ஸாமினர் முன்னாடி, பின்சீட்ல நானும் ஒரு பெஷாவர் பையனும், ஓட்டிட்டு இருந்தது ஒரு பிலிப்பினோ. அவர் முடிச்சதும் நான். சீட், மிரர், பெல்ட், ஷோல்டர் செக் எல்லாம் பண்ணி கிளம்பிட்டேன், ரவுண்டபவுட்ல உள்ள சுத்தறவனுக்கு வழி விட்டேன், லேன் மாறினேன், மனுஷன் வாயே திறக்கல, டேப்லட்ல எதையோ தட்டிட்டே வந்தார். கடைசியா ஒரு ஜீப்ரா கிராஸிங். நடைபாதையில ஒருத்தர் போனைப் பார்த்துட்டு நிக்கறார், ரோட்டுல கால் வைக்கல, ரோட்டைத் திரும்பிப் பார்க்கவும் இல்ல. நான் ஸ்பீடைக் குறைச்சுட்டேதான் போறேன், டக்குனு வண்டி நின்னுச்சு. எக்ஸாமினர் அவர் பக்கத்து பிரேக்கை மிதிச்சுட்டார். கருப்பு ஷூ, பளபளன்னு பாலிஷ் போட்டது, அது மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது. அவர் கால் பிரேக்குக்குப் போச்சுன்னா ஃபெயில்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஓரமா நிறுத்துன்னார், அவ்ளோதான். பெஷாவர் பையன் சீட் மாறி உக்கார்ற வரைக்கும் அந்தாளு போன்லயேதான் இருந்தார், கிராஸ் பண்ணவே இல்லைங்க!

கோவை_பெரியப்பா:
தம்பி, ஜீப்ரா பக்கத்துல ஆள் நின்னா நாம நிக்கணும், அவர் கிராஸ் பண்றாரா போன் பேசறாரான்னு நாம ஆராய்ச்சி பண்ணக் கூடாது. நானும் துபாய்தான், முதல் சான்ஸ்ல பாஸ், என் கதை அவ்ளோதான். இப்ப மத்தவங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க. நம்ம ஊர் லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு மேல பழசுன்னா 10 மணி நேர கிளாஸ் போதும், புதுசா எடுக்கறவங்களுக்கு 20, அதனால ஃபைல் ஓபன் பண்ணும்போதே அசல் கார்டைக் காட்டுங்க. கோல்டன் சான்ஸ்னு ஒண்ணு இருக்கு, கிளாஸ் இல்லாம நேரா டெஸ்ட், ஆனா ஒரே தடவைதான், ஃபெயிலானா எல்லாரையும் மாதிரி கிளாஸ் போயே ஆகணும், இதுக்கு ஆசைப்பட்டு பணத்தை விட்டவங்க நிறைய பேர். தியரி தமிழ்லயே எழுதலாம், தமிழா இங்கிலீஷான்னு முதல்லயே யோசிச்சு சொல்லிடுங்க. மிரர் பார்க்கறப்ப கண்ணை மட்டும் அசைச்சா எக்ஸாமினருக்குத் தெரியாது, கழுத்தை நல்லாத் திருப்பணும், கோயில்ல பிரகாரம் சுத்தறப்ப ஒவ்வொரு சந்நிதிக்கும் திரும்பறோமே அப்படி. ஆட்டோமேட்டிக்ல எடுத்தா அப்புறம் மேனுவல் வண்டியைத் தொட முடியாது, கம்பெனி பிக்கப் ஓட்டறவங்க கவனிச்சுக்கோங்க. அப்புறம் ஐடிபி (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) எடுத்துட்டு வந்தேன், ஒரு வருஷம் ஓட்டலாம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க, ரெசிடென்ட் விசா அடிச்சதும் அது செல்லாது.

மதுரைக்காரன்_துபாய்:
பெரியப்பா, நான் அட்வைஸ் கேக்கல 😀 கதை சொன்னேன்.

நாமக்கல்_லாரி:
நீங்கல்லாம் டெஸ்ட் வரைக்கும் போயிருக்கீங்க, சந்தோஷம். நான் குவைத். இங்க சம்பளம் 600 தினார் இருக்கணும், டிகிரி இருக்கணும், வந்து 2 வருஷம் ஆகியிருக்கணும், அப்பதான் அப்ளிகேஷனே. சில வேலைக்கு விலக்கு உண்டு, என் வேலைக்கு இல்ல. நான் டிப்ளமோ. நாமக்கல்ல பத்துச் சக்கர வண்டியை கல்கத்தா வரைக்கும் ஓட்டினவன் நான், இங்க ஒரு ஆல்ட்டோவைத் தொட முடியாது. ரூம்ல கடப்பாவுல இருந்து ஒருத்தர் வந்தார், ஹவுஸ் டிரைவர், விசா 20, அதாவது வீட்டு வேலைக்காரங்களுக்கான விசா. அவர் ஊர்ல டிராக்டர்கூட ஓட்டினதில்ல, விசா அந்த விசாங்கறதால அவருக்கு வழி இருக்கு. டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி ரிவர்ஸ் வரலன்னு அழாக்குறையா வந்து உக்கார்ந்தார். பாய் மேல டிபன் பாக்ஸை வண்டியா வச்சு, தீப்பெட்டி நாலை ரெண்டு பக்கமும் நிறுத்தி, ஸ்டியரிங் எப்ப ஒடிக்கணும் எப்ப நேராக்கணும்னு ஒரு மணி வரைக்கும் சொல்லிக் குடுத்தேன். மறுநாள் பாஸ் பண்ணிட்டு ஸ்வீட்டோட வந்தார். நல்ல மனுஷன், அவர் மேல கோவம் இல்ல. ஆனா அந்த ஸ்வீட் தொண்டையில இறங்கல.

கோவை_பெரியப்பா:
தம்பி, நீங்க டிகிரி ஒண்ணு கரஸ்ல முடிச்சுட்டு, சம்பளத்தை ஏத்திக் கேட்டு, இல்ல துபாய்க்கு மாறிட்டா

நாமக்கல்_லாரி:
அண்ணே, வேணாம் விடுங்க.

ஸ்டுட்கார்ட்_செந்தில்:
ஜெர்மனில நம்ம லைசென்ஸ் ஆறு மாசம் ஓடும், அப்புறம் தியரி, பிராக்டிகல் ரெண்டும் எழுதணும், தமிழ் கிடையாது, இங்கிலீஷ்ல எழுதினேன். 30 கேள்வி, பத்து பாயிண்டுக்கு மேல தப்பு போகக்கூடாது, அஞ்சு பாயிண்ட் கேள்வி ரெண்டு தப்பாப்போனா அங்கயே முடிஞ்சுது. ஆனா என்னை இன்னும் அரிக்கறது பிராக்டிகல். பக்கத்துல எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்த மாஸ்டர், பின்சீட்ல எக்ஸாமினர். 30 கிலோமீட்டர் ஸ்பீடு ஜோன், போர்டு எதுவும் இல்லாத சந்திப்பு, வலப்பக்கம் இருந்து வர்றவங்களுக்குத்தான் முதல் வழி, நம்ம ஊர்ல யாராவது இதைப் பார்ப்பாங்களா. வலப்பக்கத்துல சைக்கிள்ல ஒரு பாட்டி. நான் நின்னேன். பாட்டியும் நின்னுட்டாங்க. போன்னு கையைக் காட்டறாங்க. போனா வழி விடலன்னு ஃபெயிலா, நின்னா தயங்கறான்னு ஃபெயிலா, புரியல, நானும் நீங்க போங்கன்னு கையைக் காட்டறேன். மாஸ்டர் மூச்சு விடாம ஜன்னல் பக்கம் பார்த்துட்டு இருக்கார். கடைசில பாட்டி சைக்கிளை விட்டு இறங்கி, என்னைப் பார்த்து ஏதோ திட்டிட்டு, தள்ளிட்டே கிராஸ் பண்ணாங்க. பாஸ்தான் போட்டாங்க. அவங்க என்ன திட்டினாங்கன்னு மாஸ்டரைக் கேட்டேன், சிரிச்சார், சொல்லவே இல்ல.

வடமராட்சியான்:
நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். ஜெர்மன்காரத் தம்பி, எங்கட ஒண்டாரியோ மாகாணத்தில ஜி1, அதான் பழகுனர் லைசென்ஸ், அதுக்கான எழுத்துச் சோதினை தமிழிலயே எழுதலாம், எங்கட அம்மாவே எழுதிப் பாஸ் பண்ணினவ. கரைச்சல் அதுக்குப் பிறகுதான். ஜி1 எடுத்தா அடுத்த ரோட் டெஸ்டுக்கு 12 மாசம் பொறுக்கோணும், கோர்ஸ் செய்தா 8 மாசம், ஊரில ஓடின அனுபவத்தைக் காட்டினா பொறுக்கத் தேவையில்லை. அதுக்கு இலங்கையில வெரஹெர லைசென்ஸ் கந்தோரில இருந்து கடிதம் எடுப்பிக்க மச்சான் அலைஞ்ச அலைச்சலை ஒரு தனிக்கதையா எழுதலாம், இப்ப வேண்டாம். என்ர டெஸ்ட் பெப்ரவரியில, முதல்நாள் இரவு முழுக்கப் பனி கொட்டினது. ஸ்டொப் சைன் தெரியுது, ரோட்டில கோடு எங்கையெண்டு தெரியேல்லை, எல்லாம் வெள்ளை. குத்துமதிப்பா நிப்பாட்டினன். டெஸ்ட் எடுத்த மனிசி கண்ணாடியை இறக்கி, எட்டிப் பார்த்து, நீ கோட்டைத் தாண்டி நிக்கிறாய் எண்டுது. பனிக்குக் கீழ கிடக்கிற கோடு அவவுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சதெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

ஸ்டுட்கார்ட்_செந்தில்:
ஸ்டாப் சைன் கம்பத்தை வச்சு கணக்குப் போட்டிருப்பாங்க அண்ணா.

வடமராட்சியான்:
கம்பத்துக்கு முன்னுக்குத்தான் தம்பி நிப்பாட்டினனான். நீர் அங்க நிண்டு பார்த்தனீரோ?

ரியாத்_திருச்சிப்பொண்ணு:
சண்டை வேணாம் 😄 நான் சொல்றேன். சவுதில பொண்ணுங்க வண்டி ஓட்ட ஆரம்பிச்சதே 2018 ஜூன் 24ல இருந்துதான். நான் அதுக்கு அப்புறம் வந்தேன், திருச்சில எடுத்த லைசென்ஸ் பர்ஸ்ல சும்மா கிடந்துச்சு, அங்க ஓட்டினது ஸ்கூட்டி மட்டும்தான். எனக்கு சொல்லிக் குடுத்தது ஒரு சவுதி பொண்ணு, என்னைவிட சின்னவ, இங்கிலீஷ் வராது, எனக்கு அரபி வராது. ஷ்வய் ஷ்வய்னா மெதுவா, யல்லான்னா போ, இது ரெண்டை வச்சே மொத்த டிரெய்னிங்கும். முதல் தடவை மெயின் ரோட்டுல ஏறினப்ப பின்னாடி ஒரு லேண்ட் குரூஸர் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறான், நான் கை நடுங்கி ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன், அவ என் மணிக்கட்டு மேல கையை வச்சு ஷ்வய் ஷ்வய் ஷ்வய்னு தாலாட்டு மாதிரி சொல்லிட்டே வந்தா, அவன் ஹார்ன் அடிச்சுட்டுத் தாண்டிப் போனப்ப அதே வாயால அவனைத் திட்டினா பாருங்க! டெஸ்ட் அன்னிக்கு வேற யாரோ இருந்தாங்க, அவங்க முகம்கூட ஞாபகம் இல்ல. லைசென்ஸ் எடுக்கறப்ப எதுக்கும்மா இந்த வேலைன்னு கேட்ட எங்க வீட்டுக்காரர் இப்போ ஆபீஸுக்கு என்னைத்தான் இறக்கிவிடச் சொல்றார், பார்க்கிங் கிடைக்காதாம்.