ப்ராஜெக்ட், நேர்காணல், சிபாரிசுக் கடிதம்: பிஎச்.டி.க்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மியூவான் மதுரை:
எம்.எஸ்சி. முதலாண்டுக் கோடையில் காஸ்மிக் மியூவான் (விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறந்து தரைக்கு வரும் துகள்) ப்ராஜெக்ட். துகள் பட்டால் மினுக்கும் மூன்று சிண்டிலேட்டர் தகடு, மூன்றும் ஒரே நொடியில் மினுக்கினால் மட்டும் எண்ணும் கோயின்சிடன்ஸ், சாய்த்துச் சாய்த்து எண்ணிக்கை எடுப்பது. செங்குத்திலிருந்து சாய்க்கச் சாய்க்க எண்ணிக்கை அந்தக் கோணத்தின் காஸ் (cos) ஸ்கொயராகக் குறையும், 90 டிகிரியில் பூஜ்யமாக வேண்டும், தெரிந்ததுதான். நேர்காணலில் ஒரு பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "75 டிகிரியோடு ஏன் நின்றுவிட்டாய்? 90இல் எடுக்கவில்லையா?" என்றார். "எடுத்தோம் சார், பூஜ்யம் வரவில்லை. வளைகோட்டின் ஃபிட் கெடுகிறது என்று கைடு அந்தப் புள்ளியை நீக்கச் சொன்னார்" என்றேன். சாக்பீஸை நீட்டி, "பலகைக்கு வா" என்றார். மீதி நேரம் முழுக்க அந்த ஒரு புள்ளிதான்: தகடுகளின் அகலத்தால் உள்ளே வந்துவிடும் மியூவான்கள், இரண்டு பக்கமிருந்தும் நுழைபவை, தற்செயல் கோயின்சிடன்ஸ். இடம் கிடைத்தது. ஆனால் அவரும் என் கைடும் பழைய நண்பர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கைடு இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

திண்ணை இயற்பியல்:
இப்படி எழுதினால் ப்ராஜெக்ட் இல்லாத பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். எங்கள் அரசுக் கல்லூரியில் சிண்டிலேட்டரைப் படத்தில்தான் பார்த்தோம். ஜெஸ்ட் (இயற்பியல் பிஎச்.டி.க்கான நுழைவுத் தேர்வு) ரேங்க்கை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். கேட்டது, அறுந்து விழும் லிப்டில் தனி ஊசல் ஆடுமா என்று. ஆடாது என்றேன், விடவில்லை. "அறுந்த நொடியில் குண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தால்?" வட்டமடிக்கும் என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

காமா அண்ணன்:
சண்டை வேண்டாம். நான் ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டேன், பதில் வந்தது, போனேன், அவ்வளவுதான் என் கதை. தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஃபெலோஷிப்புக்கு நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரலில் விழிக்காதீர்கள். மும்பை டாடா ஆய்வு நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரின் விஎஸ்ஆர்பி என்ற கோடைத் திட்டத்தையும் பாருங்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஒரே மெயிலை ஊருக்கெல்லாம் அனுப்பாமல், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துக் கேள்வி கேளுங்கள். அமெரிக்கா போகிறவர்களுக்கு: 2020க்குப் பிறகு பல துறைகள் ஃபிசிக்ஸ் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை என்றுவிட்டன. ஆகவே மூன்று சிபாரிசுக் கடிதங்களுக்குக் கனம் கூடிவிட்டது. ஆய்வகத்தில் உங்களை நேரில் பார்த்தவர் எழுதினால்தான் எடுபடும். "வகுப்பில் முதல் மாணவன்" என்ற கடிதம் எல்லோரிடமும் இருக்கும்.

கோடைமழை:
கடிதம் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது அண்ணா. எங்கள் சார், "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். என்னை நானே, அவர் சொல்வது போல, "சிறந்த மாணவி" என்று எழுத வேண்டும். கூச்சம் தாங்கவில்லை. கொண்டுபோனேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி, "ஆமா, எதுல ப்ராஜெக்ட் பண்ணினே?" என்றார். அறிக்கையில் வழிகாட்டி என்று இருப்பது அவர் பெயர்தான்.

திண்ணை இயற்பியல்:
காமா அண்ணே, சண்டை யார் போட்டது? மெயிலுக்குப் பதில் வந்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எங்கள் கல்லூரிப் பெயரில் போன மெயில்களுக்குப் பதிலே வரவில்லை. அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.