சார்லஸ்டன் கடலோரத் தொகுதி: ஊர் சிவப்பா, கோடு சிவப்பா?

தென்காசி வாசி:
அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்லஸ்டன் கடலோரத்தில் இருக்கிற 1-வது நாடாளுமன்றத் தொகுதி பற்றி நேற்று வேறொரு இழையில் வாதம் பாதியில் நின்றுபோச்சு. கூப்பர்நதி அண்ணன், "அது பிறவியிலேயே சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சித் தொகுதி. 2018-ல் ஜனநாயகக் கட்சி ஜெயிச்சது ஒரு விபத்து" என்றார். ஆஷ்லிக்கரை அக்கா, "விபத்தெல்லாம் இல்லை. அதுக்கப்புறம் எல்லைக்கோட்டை மாத்திப் போட்டுத்தான் தொகுதியைக் காப்பாத்திக்கிட்டாங்க" என்றார். ரெண்டு பேரும் இங்கே வந்து முடிங்க. எனக்கு அந்த ஊரில் யாரும் கிடையாது, தேர்தல் கணக்குப் பைத்தியம் மட்டும்தான்.

கூப்பர்நதி:
பதினோரு வருஷமா மவுண்ட் பிளசன்ட்டில் இருக்கேன். சார்லஸ்டன் நகரத்துக்குப் போக தினமும் நான் கடக்கிற பாலத்தின் பேரே ஆர்தர் ராவனல் பாலம். அவர் 1987 முதல் 1995 வரை இந்தத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர். 1980 தேர்தலில் ஹார்ட்நெட், அப்புறம் ராவனல், மார்க் சான்ஃபோர்ட், ஹென்றி பிரவுன், டிம் ஸ்காட், மறுபடி சான்ஃபோர்ட். முப்பத்தெட்டு வருஷம் ஒரே கட்சி.

அதிலும் 2013 இடைத்தேர்தல் இருக்கே, அதுதான் அசல் சோதனை. சான்ஃபோர்ட் கவர்னரா இருந்தப்போ, 2009-ல், சில நாள் ஆளையே காணோம். அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடக்கப் போயிருக்கார்னு அலுவலகம் சொன்னது. மனுஷன் போயிருந்தது அர்ஜென்டினாவுக்கு, காதலியைப் பார்க்க. அப்படிப்பட்டவர் 2013-ல் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் நான்சி பெலோசியின் அட்டை உருவத்தை நிக்க வச்சு அதோட விவாதம் பண்ணினார். எதிரே ஜனநாயகக் கட்சியில் நின்றவர் தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர் ஸ்டீபன் கோல்பேரின் அக்கா. முடிவு? சான்ஃபோர்டுக்கு ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆஷ்லிக்கரை:
1980-லேர்ந்து எண்ணினா உங்க கணக்கு சரி. நான் 1870-லேர்ந்து எண்றேன்.

அமெரிக்க பிரதிநிதிகள் சபையில் உட்கார்ந்த முதல் கறுப்பின உறுப்பினர் ஜோசப் ரெய்னி. இதே 1-வது தொகுதி, 1870 டிசம்பர். ஜார்ஜ்டவுனில் அடிமையாப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் சார்லஸ்டன் கோட்டை வேலைக்குப் பிடிச்சுப் போட்டாங்க, பெர்முடாவுக்குத் தப்பிப் போய்த் திரும்பி வந்தவர். 1879 வரை உறுப்பினர். அப்புறம் ஊர் தானா மனசு மாறிடுச்சா? 1882-ல் எட்டுப் பெட்டிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி. சீட்டைத் தப்பான பெட்டியில் போட்டா செல்லாது. படிக்கத் தெரியாதவர் என்ன பண்ணுவார்? அதே வருஷம் கறுப்பினத்தவர் அதிகமா இருக்கிற இடங்களையெல்லாம் கிழிச்சு ஒட்டி 7-வது தொகுதின்னு ஒண்ணு வரைஞ்சாங்க. அவங்க ஓட்டு முழுக்க ஒரே மூட்டை, மத்த தொகுதிகள் பத்திரம்.

அண்ணா, இந்தக் கடலோரத்தில் கோட்டு வேலை புதுசு இல்லை.

கூப்பர்நதி:
ரெய்னி வரலாற்றில் எனக்கு மறுப்பே இல்லைங்க. ஆனா இன்னிக்கு இங்கே ஓட்டுப் போடுறது யார்? 1941 முதல் 1970 வரை இங்கே உறுப்பினர் மெண்டல் ரிவர்ஸ், ஜனநாயகக் கட்சி. சபையின் ராணுவக் குழுத் தலைவர். இன்னும் ஒரு ராணுவத் தளம் வந்தா சார்லஸ்டன் கடலுக்குள் முங்கிடும்னு அப்போ ஒரு ஜோக்கே உண்டு. இனப்பிரிவினையை ஆதரிச்சவர், அதையும் சொல்லிடுறேன். அவருக்குப் போட்ட வீடுகளின் அடுத்த தலைமுறைதான் ஹார்ட்நெட்டுக்குப் போட்டது. கட்சிப் பேர் மாறிச்சு, வீடு மாறலை. கடற்படைத் தளத்தை 1996-ல் மூடிட்டாங்க, ஓய்வு பெற்ற படைக்காரங்க இங்கேயே தங்கிட்டாங்க. இதோட ஹில்டன் ஹெட், பிளஃப்டன் பக்கம் ஒஹாயோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்து குடியேறின பென்ஷன்காரங்களையும் சேர்த்துக்கோங்க.

கணக்கன்:
ரெண்டு பேரும் 2018-ஐ அவசரமாத் தாண்டுறீங்க. எனக்குத் தெரிஞ்சு விஷயமே அங்கேதான் இருக்கு.

அந்த வருஷம் ஜனவரியில் டிரம்ப் அரசு கிட்டத்தட்ட எல்லாக் கடலோரத்தையும் எண்ணெய்த் துளைப்புக்குத் திறக்கத் திட்டம் போட்டது. ஜூனில் சான்ஃபோர்டை உட்கட்சித் தேர்தலில் கேட்டி ஆரிங்டன் தோற்கடிச்சார். வாக்குப்பதிவு அன்னிக்கே டிரம்ப் அவருக்காக ட்வீட் போட்டார். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஜோ கன்னிங்ஹாம், கடல்சார் பொறியாளரா இருந்து வக்கீலானவர். துளைப்பு வேண்டாம்னு ஒரே பிடி. கடற்கரை ஊர்களின் குடியரசுக் கட்சி மேயர்களே அவர் பக்கம் வந்தாங்க. கடற்கரையில் எண்ணெய் ஒதுங்கினா ஓட்டலும் போச்சு, இறால் படகும் போச்சு, வீட்டு விலையும் போச்சு. அதுக்குக் கட்சி தெரியாது. நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிச்சார்.

ஜெயிச்சு என்ன செய்தார்? எண்ணெய் தேட நீருக்கடியில் வெடிக்கிற காற்றுத் துப்பாக்கிச் சத்தம் திமிங்கிலத்துக்கு எப்படி இருக்கும்னு காட்ட, 2019-ல் குழு விசாரணைக்கு நடுவில் ஒரு ஏர் ஹாரனை அடிச்சார். துளைப்புத் தடை மசோதாவும் சபையில் நிறைவேறிச்சு.

2020 செப்டம்பரில் டிரம்ப் தென் கரோலினாக் கடலுக்கும் துளைப்புத் தடையை நீட்டினார். கன்னிங்ஹாம் கையில் இருந்த துருப்புச்சீட்டு போச்சு. எதிரே நின்ற குடியரசுக் கட்சியின் நான்சி மேஸும் துளைப்புக்கு எதிரிதான். நவம்பரில் கன்னிங்ஹாம் ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோத்தார். ஆனா அந்தப் பழைய எல்லைக்குள் டிரம்ப் ஆறு புள்ளி கிட்ட முன்னணி, மேஸ் ஒண்ணரைக்கும் கீழே. அப்போ பிறவிச் சிவப்பும் இல்லை, ஜனநாயகக் கட்சியின் நீலமும் இல்லை. கடல் பிரச்சினை ஓட்டுச்சீட்டில் இருந்தா அசையும், இல்லாட்டி அசையாது.

ஆஷ்லிக்கரை:
அசைஞ்சதுனாலதானே பயந்தாங்க! 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 1-வது தொகுதியில் 87,689 பேர் அதிகம். பக்கத்து 6-வதில் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. கொஞ்சம் பேரை அங்கே மாத்த வேண்டியதுதான், சரி. யாரை மாத்தினாங்க? சார்லஸ்டன் கவுண்டியிலிருந்து (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 30,000 கறுப்பின மக்களை.

எங்க வீடு நகரலை. வெஸ்ட் ஆஷ்லி, சவன்னா ஹைவேக்குப் பின்னாடி அதே தெரு, அதே சர்ச் ஹால், அதே வரிசை. 2020-ல் ஓட்டு மெஷின் திரையில் கன்னிங்ஹாம், மேஸ் பேர் இருந்துச்சு. 2022-ல் விரலை நீட்டினா 6-வது தொகுதி உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பேர். தப்பான இடத்துக்கு வந்துட்டேனோன்னு தன்னார்வலரைக் கேட்டேன். "அம்மா, நீங்க நகரலை, தொகுதிதான் நகர்ந்துடுச்சு"ன்னார் அந்தப் பெரியவர். சார்லஸ்டன் தீபகற்ப நகரத்தின் பெரும்பகுதியும் இப்போ 6-வதில்தான். இதைத்தான் 2023 ஜனவரியில் மூணு நீதிபதிகள் அமர்வு இன அடிப்படையிலான வரைவுன்னு சொல்லிச்சு.

கூப்பர்நதி:
சொல்லிச்சு. 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம் 6-3-ல் அதைத் தள்ளிடுச்சு. அதையும் சொல்லணும்ல? இன்னொண்ணு: வரைவாளர் கையில் முதலில் கிடைச்ச ஒரு வரைபடம் கிளைபர்னின் ஆட்கள் கொடுத்தது. அவரும் உங்க கட்சிதான் அக்கா.

ஆஷ்லிக்கரை:
அதில் எனக்கும் கோபம் உண்டு, மறைக்கலை. தன் தொகுதி பத்திரமா இருக்கணும்னு எல்லாரும்தான் பார்க்கிறாங்க. ஆனா நீதிமன்றம் அந்தக் கோடு நியாயம்னு சொல்லலை. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போட்டா நாங்க தலையிட மாட்டோம்னு 2019-லேயே ஒரு தீர்ப்பு இருக்கு. இங்கே போட்டது கட்சிக்காகத்தான், இனத்துக்காகன்னு நீங்க பிரிச்சு நிரூபிக்கலைன்னு சொல்லிட்டாங்க. ஓட்டும் நிறமும் இப்படி ஒட்டிக்கிடக்கிற ஊரில் எதை எதிலிருந்து பிரிக்கிறது? மோரிலிருந்து தண்ணியைப் பிரின்னா எப்படி?

கணக்கன்:
ஒரு எண் சொல்றேன், ரெண்டு பேருக்கும் வலிக்கும். பழைய எல்லையில் 2020-ன் இருகட்சி ஓட்டில் டிரம்ப் பங்கு 53.03%, புது எல்லையில் 54.39%. கூடினது ஒண்ணரைக்கும் குறைவு. மேஸ் 2022-ல் ஜெயிச்சது பதினாலு புள்ளி கிட்ட. அக்கா, கோடு மட்டும் பதினாலைக் கொடுக்காது.

ஆஷ்லிக்கரை:
ஒண்ணரை இந்தப் பக்கம் கூடினா எதிர்ப்பக்கம் ஒண்ணரை குறையுதே, வித்தியாசத்தில் மூணு கிட்ட வரும். முந்தின ரெண்டு தேர்தலும் தீர்மானமானது ஒண்ணரைக்கும் கீழே. போதாதா? கோட்டைப் பார்த்தே நல்ல வேட்பாளர் ஒதுங்கிடுவார். கன்னிங்ஹாமே 2022-ல் கவர்னருக்கு நிக்கப் போயிட்டார்.

கணக்கன்:
அவர் அதை அறிவிச்சது 2021 ஏப்ரல். புது வரைபடம் சட்டமானது 2022 ஜனவரி. அந்த உதாரணம் நிக்காது. மூணு புள்ளிக் கணக்கு நிக்கும்.

ஆஷ்லிக்கரை:
சரி, கன்னிங்ஹாமைத் திரும்ப வாங்கிக்கிறேன். மூணு புள்ளியைத் தர மாட்டேன்.

தென்காசி வாசி:
மேஸ் கவர்னர் பதவிக்கு நிக்கப் போறதா 2025 ஆகஸ்டில் அறிவிச்சாரே. அப்போ 2026-ல் நாற்காலி காலி. இப்போ என்ன சொல்றீங்க?

கூப்பர்நதி:
பத்து புள்ளிக்கு மேலே சிவப்பு. இல்லேன்னா அக்காவுக்கு என் செலவில் ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ், அதாவது இறால் போட்ட சோளக் கஞ்சி.

ஆஷ்லிக்கரை:
பந்தயம் சரி. கடை பாலத்துக்கு எந்தப் பக்கம்? அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட எனக்குத்தான் வழியில்லை, சாப்பிடவாவது உங்க தொகுதிக்கு வர்றேன்.