வெளியூர்த் தொழிலாளிக்கு இருக்கும் இடத்திலேயே ஓட்டு: கொடுக்கலாமா?

பனியன்_நகரம்:
2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளையும் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? புலம்பெயர்ந்த தொழிலாளி இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு மெஷின். ஒன்றிலேயே 72 தொகுதி வரை அடங்கும் என்றார்கள். எதிர்க்கட்சிகள் வேண்டாம் என்றன, பேச்சு அதோடு நின்றது. 2019 மக்களவைத் தேர்தலில் சுமார் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை என்று ஆணையமே சொன்னது. அத்தனை பேரும் சோம்பேறிகளா? திருப்பூரில் எங்கள் யூனிட்டில் தைக்கும் பிகார் பையன்கள் ஓட்டுக்காக ஊருக்குப் போனால் ஒரு வாரக் கூலி போச்சு, ரயில் செலவு தனி. ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி சொல்கிறது, சரி. ஒரு நாளில் பாட்னா போய்த் திரும்ப முடியுமா? ராணுவத்தில் இருப்பவருக்கு, தேர்தல் பணியில் இருப்பவருக்கு, 85 வயது தாண்டியவருக்கு எல்லாம் தபால் ஓட்டு உண்டு. தையல்காரனுக்கு மட்டும் ஏன் கிடையாது?

பூத்_வாத்தியார்:
தம்பி, அந்தப் பையன் திருப்பூரிலேயே குடியிருந்தால் இங்கேயே பெயரை மாற்றிக்கொள்ளட்டும். படிவம் 8 போதும். சட்டம் கேட்பது 'சாதாரணமாக வசிக்கும் இடம்' ஒன்றைத்தான்.

பனியன்_நகரம்:
சார், அவன் பெண்டாட்டி, பிள்ளை, அரை ஏக்கர் நிலம் எல்லாம் அங்கே. நாலு மாதம் இங்கே, அறுவடைக்கு அங்கே. அவனை எந்த ஊரில் 'சாதாரணமாக' வசிக்கிறான் என்பீர்கள்? 2025-ல் பிகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் போயின. அதில் ஏறக்குறைய 36 லட்சம், ஊர் மாறியவர்கள் அல்லது தேடியும் கிடைக்காதவர்கள் என்ற கணக்கில். அங்கேயும் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை என்று நிற்கப்போவது இவன்தான்.

கிளாம்பாக்கம்_கியூ:
பிகாரை விடுங்கள் அண்ணே. தேர்தலுக்கு முந்தின ராத்திரி நம்ம திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்று பார்த்தால் தெரியும், யார் ஓட்டுப் போடுகிறார்கள், யார் பாதியில் அறைக்குத் திரும்புகிறார்கள் என்று.

பூத்_வாத்தியார்:
நான் பல தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பூத்தில் ஓர் அட்டை மறைப்பு இருக்கிறதே, அதற்குப் பின்னால் போகும்போது புருஷனும் கூட வர முடியாது, மேஸ்திரியும் வர முடியாது. தபால் ஓட்டில் அந்த மறைப்பு இல்லை. பத்துப் பேர் தங்கும் அறைக்குச் சீட்டு வந்தால் காண்டிராக்டர் சும்மா இருப்பாரா? ஆயிரம், இரண்டாயிரம் கொடுப்பவனுக்கு இப்போது இருக்கும் ஒரே பயம், வாங்கியவன் மாற்றிக் குத்திவிடுவானோ என்பதுதான். அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்கிறீர்கள்.

இது கற்பனை இல்லை. பிரான்ஸ் 1975-லேயே முறைகேட்டுக்காகத் தபால் ஓட்டை ஒழித்தது. இங்கிலாந்தில் கேட்டவருக்கெல்லாம் தபால் ஓட்டு என்று திறந்துவிட்டார்கள். 2004 பர்மிங்காம் நகராட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளில் பெரிய மோசடி, அடுத்த ஆண்டு தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றிகளை ரத்து செய்தது.

அப்புறம் நம்ம ராதாபுரம். 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தொகுதி. 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று தள்ளப்பட்டன. ஏன்? தபால் ஓட்டோடு வைக்கும் உறுதிமொழியில் சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியர் கெசட்டட் ஆபீசரா இல்லையா என்ற தகராறு! 2019-ல் உயர்நீதிமன்றம் மறுஎண்ணிக்கை நடத்தியது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஓட்டுகளைப் போட்டவர்கள் படித்த அரசு ஊழியர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

குவைத்_குப்பூஸ்:
எங்களை யாரும் நினைக்கவில்லையே! வெளிநாட்டில் இருப்பவர் 2011 முதல் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024-ல் பதிவு செய்திருந்தவர்கள் ஏறக்குறைய 1.19 லட்சம், வந்து போட்டவர்கள் மூவாயிரம்கூட இல்லை, அதிலும் பெரும்பகுதி மலையாளிகள். பதிலாள் மூலம் போட வகை செய்த மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதியானது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் நாங்கள் 'நாட்டின் தூதர்கள்'.

பூத்_வாத்தியார்:
பதிலாளா? நீங்கள் சொன்ன சின்னத்தில்தான் உங்கள் மச்சான் குத்தினார் என்று எப்படித் தெரியும்?

குவைத்_குப்பூஸ்:
என் மச்சானை எனக்குத் தெரியும் சார், அதனால்தான் தூதரகத்தில் ஒரு பூத் கேட்கிறேன்.

பனியன்_நகரம்:
வாத்தியார் சொன்னதில் பாதி என் வாதத்துக்கே சாதகம். சீட்டை அறைக்கு அனுப்பினால் கெடும் என்றால், அனுப்ப வேண்டாம், பூத்தைக் கொண்டுவாருங்கள். 85 வயதுக்காரருக்குத் தபால் ஓட்டு என்று பெயர்தானே தவிர, 12டி என்ற விண்ணப்பப் படிவம் கொடுத்தபின் அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். காஷ்மீர் பண்டிட்டுகளுக்கு ஜம்முவிலும், உதம்பூரிலும், டெல்லியிலும் தனி வாக்குச்சாவடி போட்டுச் சொந்தத் தொகுதிக்கு ஓட்டு வாங்குகிறார்கள். அதே மறைப்பு, அதே மெஷின், அதே மை. திருப்பூரில் மட்டும் முடியாதா?

பூத்_வாத்தியார்:
பள்ளத்தாக்கின் மூன்று தொகுதிக்குச் செய்வது வேறு, பிகாரின் 40 தொகுதிக்குச் செய்வது வேறு. ஓட்டு முடிந்ததும் 17சி படிவத்தில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி ஏஜென்ட்டுகள் கையில் கொடுக்க வேண்டும். சீவான் தொகுதி வேட்பாளருக்குத் திருப்பூரில் ஏஜென்ட் எங்கிருந்து வருவார்? பணம் இருக்கும் கட்சி ஆளை அனுப்பும், சுயேச்சை என்ன செய்வார்? தேர்தலே நடக்காத மாநிலத்தில் நடத்தை விதியை எந்தக் கலெக்டர் அமல்படுத்துவார்?

பனியன்_நகரம்:
நடத்தை விதிக்குச் சட்டத்திருத்தம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஏஜென்ட்டுக்கு ஆள் பஞ்சம் கிடையாது சார். சீவான்காரர்கள் எங்கள் லைன் வீட்டிலேயே இருக்கிறார்கள், அந்தத் தொகுதி வாக்காளர்கள். வேட்பாளர் ஒரு கடிதம் அனுப்பினால் போதும்.

பூத்_வாத்தியார்:
அன்றைக்கு அவருக்கு உங்கள் முதலாளி லீவு தருவாரா, அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.