எட்டப்பன் ஒருவரால்தான் பாளையக்காரர்கள் தோற்றார்களா?

கேள்வி:
1799-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததற்கு எட்டயபுரத்தைக் கை காட்டிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். ஒருத்தர் காட்டிக்கொடுத்தால் அத்தனை பாளையமும் சாய்ந்துவிடுமா? அவர்களுக்குள் அப்படி என்னதான் தகராறு?

பதில் 1:
விரிசல் கட்டபொம்மன் காலத்துக்கு முன்பே இருந்தது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆற்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் (கிழக்கிந்தியக் கம்பெனி) எதிராகக் கூட்டணி சேர்த்தபோது மேற்கே இருந்த மறவர் பாளையங்களில் சிவகிரி மட்டும் சேரவில்லை. கிழக்கே எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை (இதை மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்). 1761-ல் கும்பினித் தளபதி யூசுப்கான் நெற்கட்டும்செவலைப் பிடித்துவிட்டார்.

பிறகு மருது சகோதரர்கள் கூட்டணி கட்டினார்கள். அப்போதும் சிவகிரி மறுத்தது, கட்டபொம்மன் அதன் மேல் படையெடுத்தார். சிவகிரியோ கும்பினிக்குக் கப்பம் கட்டும் பாளையம். 'எங்கள் பாளையத்தின் மேலேயே கை வைக்கிறாயா' என்று கும்பினி மேஜர் பேனர்மேன் படையோடு இறங்க அதுவே சாக்காகிவிட்டது.

பதில் 2:
தகராறு பெரும்பாலும் எல்லை, காவல் உரிமை (ஊர்க் காவலுக்கு வரி வாங்கும் உரிமை), வாரிசு. 1792 உடன்படிக்கையில் கப்பம் வசூலிக்கும் உரிமை நவாபிடமிருந்து கும்பினிக்குப் போனது. அப்புறம் வழக்குத் தீர்ப்பவரும் கலெக்டர், பாக்கி கேட்பவரும் கலெக்டர். பக்கத்துப் பாளையம் பாக்கி வைத்தால், 'அவன் கிராமம் நமக்கு வராதா' என்று கணக்குப் போடத்தான் தோன்றும்.

பதில் 3:
1801 சிவகங்கையைப் பாருங்கள். மருது சகோதரர்கள் பிரதானிகள் (அமைச்சர்கள்), அரச வம்சம் அல்ல. கும்பினி அந்த இடத்தில்தான் குத்தியது. அரச வம்ச உறவினரான படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைத் தேடிப்பிடித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் ஜமீன்தாராக்கியது. பழைய விசுவாசிகளுக்கு மருதுவை விட்டு விலக ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது, 24-ல் திருப்பத்தூரில் தூக்கு. இத்தனைக்கும் ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையில் ஒட்டிய அறிக்கையிலேயே, நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் ஐரோப்பியர் நாட்டைப் பிடித்தார்கள் என்று சின்ன மருது எழுதியிருந்தார்.

பதில் 4:
மேலே சொன்னது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் உட்பகை மேல் போட வேண்டாம். சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை (கட்டபொம்மனின் தம்பி) பாஞ்சாலங்குறிச்சியில் எடுத்துக் கட்டிய மண்கோட்டை 1801 மார்ச் 31 தாக்குதலைத் தாங்கி நின்றது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகுதான் மே 24-ல் விழுந்தது. உட்பகை கடித்தது கோட்டை கைவிட்டுப் போன பிறகு: தோற்றவருக்கு ஒதுங்க இடம் இல்லை. 1799-ல் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், புதுக்கோட்டைச் சீமையில் அதன் மன்னர் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள், கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரைக்காவது மருதுவின் சிறுவயல் இருந்தது.